மாப்பிள்ளை கட்டின பல்

கத்துவதற்கு முன்னால் விசில் அக்கா வலது கைக் கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்துக்கொள்வார். ஆள்காட்டி விரல் கன்னத்தில் படிந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய யோசனையில் இருப்பதுபோலத் தெரியும். அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். "இடுப்புலேர்ந்து உதைங்க! முட்டியை மடக்கி மடக்கி என்ன, சைக்கிளா ஓட்டுறீங்க?" நீச்சல்குளத்துச் சுவர்களில் அந்தக் குரல் மோதித் திரும்பி வரும்போது கூடவே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தமும் வரும். அக்காவின் கீழ்ப் பல் செட் எழும்பி மேல் பல் செட்டோடு முட்டிக்கொள்ளும் சத்தம் அது. கையை எடுத்தால் செட்டும் கையோடு வந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்த யோசனைக் கோலம். போன வருஷம் முழுக்க அக்கா இப்படித்தான் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.

காலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்கு அவர்தான் பயிற்சியாளர். வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். முட்டிவலிக்கு நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பியவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தவர்கள். அக்காவுக்கும் அறுபதை எட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அகலமான தோள், வெயிலில் காய்ந்து குளோரினில் நரைத்த குட்டை முடி, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில். குளத்தில் மட்டுமில்லை, கடைத்தெருவிலும் அது கழுத்தில் கிடக்கும். பேருக்கு அதுதான் காரணம்.

குறை சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. தொழிலே அதுதானே. "தண்ணியைப் போட்டு ஏன் இந்த அடி அடிக்கிறீங்க? அது உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?" என்பார். "கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டாதீங்க, தலையை உள்ள போடுங்க. உள்ள ஒண்ணும் பேய் இல்ல, நேத்துதான் கழுவினாங்க" என்பார். வீட்டில் கணவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாலும் தப்பாது, வாசலில் பால் பாக்கெட் சாய்ந்து கிடந்தாலும் தப்பாது. பட்டென்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிற ஜாதி. அவர் வாயில் அகப்படாத ஜீவன் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது மாப்பிள்ளை.

ஒரே மகளைக் கட்டியவர். பல் டாக்டர். தெளிவாக, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் வீட்டுக்கு வந்தால் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார். "வாங்க மாப்பிள்ளை" என்பதற்கும் "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்பதற்கும் நடுவில் வேறு பேச்சு வராது. குளத்தையே அதட்டுகிற அந்தக் குரல் அப்போது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று கணவருக்கே தெரியாது.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து ஈறு வீங்கியது. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததைப் பிரஷ் மேல் பழி போட்டுத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் பற்கள் ஆட ஆரம்பித்தபோது ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. சரியாக அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஒரு செருப்புக் கடை மாடியில் சொந்தமாகக் கிளினிக் திறந்திருந்தார். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. "நம்ம கிளினிக் இருக்கும்போது வெளியில போவீங்களா அத்தை? நானே கட்டித் தர்றேன்" என்றார். முழு செட் கட்டுவது அங்கே அவருக்கு அதுதான் முதல்.

அளவு எடுத்த நாளைப் பற்றிக் கேட்டால் அக்கா இப்போதும் முகத்தை மூடிக்கொள்வார். மாப்பிள்ளை முன்னால் வாய் நிறையச் சாப்பிட்டே பழக்கமில்லாத அம்மாள், பல்லில்லாத வாயை ஆவென்று திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மாவு மாதிரி ஏதோ ஒரு பசையைத் தட்டில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தியதும் குமட்டிக்கொண்டு வந்தது. யோசிக்காமல் டாக்டர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்துவிட்டார். அடித்தது யாரை என்று உறைத்ததும், வாயில் பசையோடு "மம்மிச்சுக்கம்ம மாம்மிம்மை" என்று மன்னிப்புக் கேட்டார். மாப்பிள்ளைக்கும் வியர்த்துவிட்டது.

ஈறு ஆறி, வற்றி நிலைக்கக் கொஞ்சம் காத்திருக்கலாம் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். "பல்லில்லாம எப்படி மாப்பிள்ளை வேலைக்குப் போறது?" என்று அவசரப்படுத்தியது அக்கா. செட்டைப் பொருத்திய அன்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னார்: "முதல்ல உரசும் அத்தை. எங்க உரசுதுன்னு வந்து சொல்லணும், தேய்ச்சு விடறேன். ஈறு வத்த வத்தச் செட்டு லூசாகும். அப்பவும் வரணும், உள்ள நிரவித் தரணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். பக்கத்தில் மகள், கையைக் கட்டிக்கொண்டு, புருஷனின் கைவேலையைப் பார்த்து நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் களை. அக்காவுக்கு இடதுபக்க ஈறில் அப்போதே முள் மாதிரி குத்தியது.

"பிறந்ததுலேர்ந்து என் வாயிலேயே இருந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டிக் காப்பாற்றத்தான் அத்தனை பாடு. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து முழுங்கினார். ஆப்பிளைத் துருவித் தின்றார், அப்புறம் அதையும் விட்டார். வேர்க்கடலைத் துணுக்கு ஒன்று செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் அன்றைக்குப் பொழுது அதோடு சரி. மெல்லாமல் முழுங்கி முழுங்கி வயிறு கல்லாகக் கிடக்கும். வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்து எரியும். ஒட்டுப் பசை வாங்கிப் பிதுக்கிப் பிதுக்கிப் பூசினார். குளத்துத் தண்ணீர் வாய்க்குள் போனதும் அது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விட்டுக் காட்டுவது முதல் பாடம். அந்தப் பாடத்தை அக்கா வாய்மொழியாகவே நடத்த ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டால்தான் உயிர் வரும். ஆனால் மாப்பிள்ளையிடமிருந்து எந்த நேரத்தில் போன் வரும் என்று சொல்ல முடியாது. "அத்தை, இங்க ஒரு அம்மா பல் கட்டிக்கப் பயப்படறாங்க. நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்." அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவார். கிண்ணத்தில் கை விட்டு, மேலது எது கீழது எது என்று தடுமாறி மாட்டிக்கொண்டு, "ஒரு கஷ்டமும் இல்லைங்க, தாராளமாக் கட்டிக்கங்க" என்பார். கண்ணில் தண்ணீர் முட்டும். அது வலியில் வருவது. கேட்கிற அம்மாளுக்கு அது குரலில் பாசமாகக் கேட்கும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்கச் சிக்கிக்கொண்ட கதவுகளைச் சரி செய்தவர். மனைவி படுகிற அவதியை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? "எங்க முட்டுதுன்னு காட்டு, ஒரு ராவு ராவிட்டா ஓடிடும்" என்றார். அக்கா தயங்கித் தயங்கிக் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் செட்டைப் பிடித்துக்கொண்டு நுண் அரம், உப்புத்தாள், கடைசியில் கொஞ்சம் மெருகுத்துணி என்று பூஜைபோல அரைமணி நேரம் உழைத்தார். குத்துவது நின்றது. ஆனால் ராவிய பக்கம் பள்ளமாகிவிட, செட்டு ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. புதிதாக எதிர்ப்பக்கத்தில் புண் வந்தது. "லிஃப்டா இருந்தா இந்நேரம் பூட்டிப் போட்டு போர்டு மாட்டியிருப்பேன்" என்று அரத்தை உள்ளே வைத்துவிட்டார்.

அக்கா இளைத்தார். அகலத் தோள் சட்டைக்குள் எலும்பாக நின்றது. மகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் "காலையில சாப்பிட்டதே அப்படியே இருக்கும்மா" என்று தட்டைத் தள்ளுவார். மகள் பயந்துபோனாள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்ததும் மகளுக்குப் பயம் இன்னும் கூடியது. ஒன்றுமில்லாமல் ஒருத்தி ஏன் கரைந்துபோக வேண்டும்? "அம்மா, மனசுல ஏதாவது இருக்கா? என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பல்லுக்குப் பின்னால் சொல் வந்து நின்றது. பக்கத்து அறையில் மாப்பிள்ளை யாரிடமோ போனில், "எங்க அத்தைக்கே நான்தான் கட்டினேன், ஒரு புகார் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மகள் கண்ணைத் துடைத்துவிட்டு, "வயசாகுதில்ல" என்று முடித்துக்கொண்டார்.

எல்லாம் உடைந்தது குளத்தில்தான்.

மாணவிகளில் தையல்கார அம்மா ஒருவர் உண்டு. தண்ணீர் என்றாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். ஆழமில்லாத பக்கத்தில் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு உதைக்கிற வேகத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்காமல் ஆழமான பக்கத்துக்கு வந்துவிட்டார். ஓய்வெடுக்கலாம் என்று பலகையை விட்டுவிட்டுக் காலை ஊன்றினார். அடியில் தரை இல்லை.

மறுகோடியில் நின்ற அக்கா பார்த்துவிட்டார். விசிலைக் கவ்வினார். நீளமாக ஒரு விசில் அடித்தால் அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் முன்பல்லில் விசில் பட்டதும் மேல் செட்டு பின்பக்கம் தூக்கிக்கொண்டு தொண்டைப் பக்கம் இறங்கியது. வந்தது காற்று மட்டும். கத்தினார். கத்தினதில் கீழ் செட்டு வெளியே பறந்து தண்ணீரில் விழுந்தது. "ஆஆ" என்ற அந்தச் சத்தம் யாருக்கும் புரியவில்லை. அக்கா அதற்குமேல் நிற்கவில்லை. மேல் செட்டைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குதித்தார். கீழே போய்க்கொண்டிருந்தவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மல்லாக்கத் திருப்பி, கரைக்கு இழுத்து வந்து ஏணியைப் பிடிக்க வைத்தார்.

தையல்கார அம்மா இருமி, துப்பி, மூச்சு வாங்கி, தெளிந்துவிட்டார். ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததோடு போயிற்று. தெளிந்ததும் முதலில் பார்த்தது அக்காவின் பொக்கை வாயை. "அக்கா, பல்லு!" என்றார் அலறிக்கொண்டு, தன்னைவிட அதுதான் பெரிய ஆபத்து என்பதுபோல. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "விசில் வரல" என்றார். யாரிடமும் இல்லாமல் இன்னொரு தடவை சொன்னார். "நான் ஊதினேன். வரல."

அப்புறம் எழுந்து, தானே மூழ்கி, தண்ணீர் வடியும் தரைச் சல்லடை ஓரமாகக் கிடந்த கீழ் செட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வாயில் வைக்கவில்லை. துண்டில் மேலதையும் கீழதையும் சேர்த்துச் சுற்றினார். தலை துவட்டாமல், முடியிலிருந்து சொட்டச் சொட்ட, செருப்புக் கடை மாடிப் படியில் ஏறினார்.

கிளினிக்கில் யாரும் இல்லை. மாப்பிள்ளை எழுந்து நின்றார். அக்கா துண்டை மேஜை மேல் வைத்துப் பிரித்தார். மாப்பிள்ளை கீழ் செட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். புருவம் சுருங்கியது.

"இதை யாரு ராவினது?"

"உங்க மாமா."

"எதால?"

"அரத்தால."

மாப்பிள்ளை செட்டைத் துண்டின் மேல் திரும்ப வைத்தார். அக்கா நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். ஈறு முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் வெள்ளையாகப் புண். பழைய புண்ணின் மேல் புதிய புண்.

"எவ்வளவு நாளா அத்தை?"

"போட்ட நாள்லேர்ந்து."

அதற்குப் பிறகு அக்கா சொன்னார். பல்லில்லாத வாயில் பாதி எழுத்து காற்றாகப் போக, ரொட்டியிலிருந்து விசில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். "உங்க முதல் வேலை மாப்பிள்ளை. நானே நல்லால்லன்னு சொன்னா, அப்புறம் யாரு வருவாங்க உங்ககிட்ட? அதான் வாயைப் பொத்திக்கிட்டேன். இன்னிக்கு அந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் அக்கா நினைத்தார்.

"தப்பு என் மேலயும் இருக்கு அத்தை. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதும் எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. வேற யாரா இருந்தாலும் கூப்பிட்டு உட்காரவெச்சு வாயைத் திறந்து பாத்திருப்பேன். உங்களைப் பாக்கவே இல்ல." துண்டில் கிடந்த செட்டை எடுத்து, ராவிய பள்ளத்தை விரலால் தடவினார். "பல் செட்டு போட்ட அன்னிக்கு வேலை முடியறதில்ல, அன்னிக்குத்தான் ஆரம்பம். நீங்க சொல்லச் சொல்லத்தான் நான் செய்ய முடியும். உங்க வாய்க்குள்ள நான் குடியிருக்கேனா என்ன?"

அக்காவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரும் மருமகனும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று மகள் பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

புண் ஆறும் வரை செட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சில வாரங்கள் அக்கா பொக்கை வாயோடுதான் குளத்துக்குப் போனார். முதல் நாள் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு நின்றார். தையல்கார அம்மாதான், "அக்கா, நீங்க திட்டலைன்னா எங்களுக்குக் கால் வரமாட்டேங்குது" என்று துண்டைப் பிடுங்கினார். விசிலுக்குப் பதில் என்ன செய்வது என்று அக்கா கவலைப்பட, கணவர் பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய மணியைக் கொண்டுவந்து குளத்தோரத் தூணில் மாட்டினார். பொத்தானை அழுத்தினால் கணீரென்று குளத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும். "மணி அடிச்சா கதவு திறக்கும்னு நிக்காதீங்க, திரும்பி என்னைப் பாருங்க" என்று அக்கா பொக்கை வாயால் சொன்னதும் வகுப்பே குலுங்கியது. அந்த மணி எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. மணி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

புது செட்டு ஒரேயடியாக வரவில்லை. முதலில் மெழுகில் பல்லை நிறுத்திக் காட்டினார் மாப்பிள்ளை. இந்தத் தடவை அக்கா நாற்காலியில் பயிற்சியாளராகவே உட்கார்ந்தார். "இடது பக்கம் தூக்குது. மேல முன்பல்லு ரொம்ப நீளம், சிரிச்சா குதிரை மாதிரி இருக்கு. 'ஸ'ன்னு சொன்னா பாம்பு சீறுது. இதை மாத்துங்க." மாப்பிள்ளை மாற்றினார். மறுபடி வரச் சொன்னார், மறுபடி மாற்றினார். ஒருநாள் அலுத்துப்போய், "உங்ககிட்ட நீச்சல் கத்துக்கிறவங்களைக் கும்பிடணும் அத்தை" என்றார். சொன்னாரே ஒழிய, அக்கா கிளம்பியதும் மகளுக்குப் போன் போட்டு, அத்தை இன்றைக்கு நான்கு குறை சொன்னார்கள் என்று ஏதோ பரிசு வாங்கியவர்போலச் சொன்னாராம்.

புதிதாக வந்தது பொருந்தியது. இருந்தாலும் கீழ் செட்டு மேல் செட்டு மாதிரி கவ்விப் பிடிக்காது, நாக்கும் கன்னமும் அதைப் பிடித்து வைக்கப் பழக வேண்டும் என்று மாப்பிள்ளை முன்னாலேயே சொல்லியிருந்தார். பழகுவது அக்காவுக்குப் புதிதா? சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று பழகினார். பேச்சு திருந்தப் பேப்பரை உரக்கப் படித்தார். வேண்டாத செய்தியையெல்லாம் கணவர் கேட்டுத் தீர்த்தார். தோள் மறுபடி சட்டையை நிரப்பிக்கொண்டது. மூச்சு விடும் பாடத்தை இப்போது தானே தண்ணீருக்குள் முகம் புதைத்து, குமிழ் குமிழாக விட்டுக் காட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள். நீளமான மேஜை, நிறைந்த தட்டுகள். சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க பையன் கை அப்படிங்க, சின்ன வயசுலேர்ந்தே எது செஞ்சாலும் அவ்வளவு நேர்த்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே மென்றார். பாதியில் மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கினார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். எட்டி, எதிரே இருந்த மாப்பிள்ளையின் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மேஜையில் பேச்சு நின்றது. எல்லோரும் பார்க்க, அக்கா வாயை அகலத் திறந்து, சுண்டுவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் உரசுகிற ஓரிடத்தைக் காட்டினார்.